பக்கத்து ஆளைக் கேளுங்க

முதலுதவி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘பென்சன் அக்கா’. எனக்கு வயது முப்பத்திரண்டு. பென்சனும் கிடையாது. தீவுப்பகுதியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். தொண்ணூறில் சனம் இடம்பெயர்ந்து ஆஸ்பத்திரி பூட்டப்பட்டபோது, தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றம் தந்தார்கள். நான் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் தொண்டர் பிள்ளைகளுக்குக் காயம் கட்டப் பழக்குகிறேன். முன்பு வேலை செய்தவள், இப்போது கதை சொல்பவள் என்றால் அவள் பென்சன்காரிதானே என்பது அவர்கள் கணக்கு.

போன கிழமை வகுப்புக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு மட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நூல். ஒரே இடத்தில் பலர் காயப்பட்டுக் கிடக்கும்போது, யார் உடனே போக வேண்டும், யார் பொறுக்கலாம் என்று பார்த்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு மட்டையைக் கட்டிவிட வேண்டும். சிவப்பு உடனே. மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை நடந்து திரிபவர். கறுப்பைப் பற்றி நான் வகுப்பில் அதிகம் பேசவில்லை. பிள்ளைகள் மட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

“உங்கடை காலத்திலை என்ன கட்டினனீங்கள் அக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“கட்டேல்லை. பூசினனாங்கள்.”

சிரித்தார்கள். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு முழுக் கதையையும் சொன்னேன், அதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனை பிடித்த ஆள் நான். பிடித்ததை இலேசில் கீழே வைக்க மாட்டேன்.

எனது ஐயாவுக்கு வேலணையில் பனை வேலை. அம்மா பாய் இழைப்பார். தாதியர் பயிற்சிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் முதல் நாள் புறப்பட்டபோது, பஸ் நிற்கும் இடத்துக்கு ஐயா என்னை நேர் வழியால் கூட்டிப் போகவில்லை. கோயிலடி, சங்கக்கடையடி, தபாற்கந்தோரடி எல்லாம் சுற்றி, பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்த பிறகுதான் பஸ்ஸில் ஏற்றினார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் படுக்கை விரித்தேன், ஊசி அவித்தேன், பரீட்சையில் முதலாவதாக வந்தேன். முதலாவது என்பதை ஐயா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததால் நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

வேலைக்கு வந்த இடத்தில் எனக்கு மேலே இருந்தவர் டொக்டர் யோகராசா. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. மட்டக்களப்புக்காரர். ‘பிறகு’ என்று நாங்கள் சொல்லும் இடத்தில் ‘மறுகா’ என்பார். வள்ளத்தில் கால் வைத்தால் சத்தி எடுப்பார். தீவுக்கு வைத்தியம் பார்க்க வந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஊருக்கு நல்ல பகிடியாக இருந்தது. ஆனால் ஊர் அவருக்கு வைத்த பட்டம் அதைப் பற்றியதல்ல. ‘கைகட்டி டொக்டர்’ என்பதே அந்தப் பட்டம்.

பலர் ஒன்றாகக் காயப்பட்ட இடத்துக்குப் போனால், அவர் செய்யும் முதல் வேலை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. ஒருவரையும் தொட மாட்டார். இரத்தம் ஓடும், சனம் கத்தும், டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று நடந்து பார்ப்பார். முதல் தரம் அதைப் பார்த்தவர்கள் அவரை அடிக்கப் போனார்கள். நானே உள்ளுக்குள் கொதித்தேன். பிறகு கேட்டபோது அவர் சொன்ன காரணம் சின்னது.

“நான் ஒராளில கை வச்சா எனக்கு அந்த ஒராளத்தான் தெரியும். மத்த ஆக்கள ஆரு பாக்கிற? முதல்ல எல்லாரையும் பாக்கணும். மறுகாதான் தொடணும்.”

தொடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அதை அவர் முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தார். காயப்பட்டவர்களைத் தரம் பிரிப்பது நான். நான் ஒருவரிடமும் நின்று மருந்து கட்டக்கூடாது. பார்க்க வேண்டும், நிறம் பூச வேண்டும், அடுத்தவரிடம் போக வேண்டும். கட்டுவதும் தடி வைத்துக் கால் கட்டுவதும் மற்றத் தாதியும் உதவிக்கு நின்ற அற்றன்ரன்மாரும். எங்கள் ஒரேயொரு அம்புலன்சின் பின்கதவில் நிற்பது அதன் சாரதி கிறகோரி அண்ணை. டொக்டர் சொல்லாமல் கடவுளே வந்தாலும் ஏற்றக்கூடாது என்பது அவருக்கு இட்ட கட்டளை. கிறகோரி அண்ணை ஊர்காவற்துறைக் கத்தோலிக்கர்; அந்த உவமை பிடிக்கவில்லை என்று முறைப்பட்டார், ஆனால் கட்டளையைக் கைவிடவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரி வளவில் ஒத்திகை நடக்கும். குசினிக்காரரும் கூட்டுகிறவர்களும் மரநிழலில் காயக்காரராகப் படுப்பார்கள். நல்ல நித்திரை கிடைக்கும் என்பதால் அந்த நாளுக்கு எல்லோரும் ஆசைப்பட்டார்கள்.

இனி நிறத்தின் கதை. டொக்டரின் புத்தகத்தில் மட்டைகள் இருந்தன. எங்கள் அலுமாரியில் இல்லை. காயத்துக்குப் பூசுகிற மருந்துகள் இருந்தன. மேர்க்குரோக்குரோம் சிவப்பு. அக்ரிபிளேவின் மஞ்சள். ஜென்சன் வயலெற் ஊதா. மூன்று போத்தலும் பஞ்சும் கொண்டுபோய், நெற்றியில் ஒரு கோடு இழுத்தால் போதும் என்று தீர்மானித்தோம். பச்சைக்குப் பதில் ஊதா. தண்ணீரில் கழுவினாலும் இலேசில் போகாது என்பதில் எங்களுக்குப் பெருமை.

முதலில் அதைப் பாவித்தது ஊர்காவற்துறைப் பக்கத்து மீன்பிடிக் கரையில். பழைய மர இறங்குதுறை ஒன்று, வள்ளத்து இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து இடிந்து விழுந்தது. டொக்டர் புத்தகத்தில் உள்ளபடி, நடக்கக்கூடிய ஆக்கள் எல்லோரும் அந்த மரத்தடிக்குப் போகலாம் என்று உரத்துச் சொன்னார். நடப்பவருக்குப் பெரிய காயம் இருக்காது, மிச்சப் பேரை முதலில் பார்க்கலாம் என்பது அதன் பொருள். எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். பாதம் முறிந்தவர் இரண்டு பேரின் தோளில் தொங்கிக்கொண்டு போனார். மரியாம்பிள்ளை என்றொருவர் பீடி பத்திக்கொண்டு போனார். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, ஒண்டுமில்லை என்றார். அவரது நெற்றியில் ஊதா பூசியாயிற்று. கொஞ்ச நேரத்தில் மரத்தடியிலேயே சரிந்தார். விலா முறிந்து நெஞ்சுக்குள் காற்று ஏறியிருந்தது. டொக்டர் ஓடியதை நாங்கள் பார்த்தது அந்த ஒரு தரம்தான். நெஞ்சில் ஊசி ஏற்றிக் காற்றை விட்டுக் காப்பாற்றிவிட்டார். பிறகு மரியாம்பிள்ளை ஒரு பெரிய பாரை மீனோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, தனக்கு அன்று ஒன்றுமேயில்லை, டொக்டர்தான் பயந்துபோனார் என்று எல்லோருக்கும் சொன்னார்.

மீனோடு அவர் வந்த அன்று மத்தியானம் டொக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே, இந்தத் தீவுச் சனத்துக்கு ‘ஏலாது’ என்ற சொல்லே தெரியாதா என்று கேட்டார்.

தெரியும், ஆனால் தங்களைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள் என்றேன். தனக்கு ஏலாது என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வெட்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஏலாது என்று கேட்டால் தலையிலிருந்து கால்வரை சொல்லுவார்கள். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் பிசைந்த கையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப அதத்தான் கேப்பம். இனிமேல் ஒருத்தரையும் உங்களுக்கு என்ன எண்டு கேட்காதீங்க. பக்கத்து ஆளைக் கேளுங்க.”

வேறெந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு விதி இருந்திருக்காது. இதில் பாதி என்னுடையது. அடக்கமாக எழுத எனக்கு வரவில்லை.

அடுத்தது கலியாணப் பஸ். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்.

நான் வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். சண்டைக்கும் சண்டைக்கும் இடையில் ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட மாதங்கள். புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து நாரந்தனைக்கு மாப்பிள்ளை வீட்டார் வாடகைப் பஸ்ஸில் காலையில் புறப்பட்டார்கள். மாப்பிள்ளையின் பெயர் தயாபரன். பெண் நாரந்தனையில். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நடுவில், கடலுக்குள்ளால் போகும் தெருவில் பஸ்ஸின் முன் ரயர் வெடித்தது. பஸ் கரையிலிருந்து சரிந்து, முழங்காலளவு தண்ணீருக்குள் பக்கவாட்டில் படுத்தது. அந்த வழியால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்லி முடிக்க முன்னம் கிறகோரி அண்ணை இயந்திரத்தை முடுக்கிவிட்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடலில் மாப்பிள்ளையின் தலைப்பாகை மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பயற்றம் பணியாரம். தண்ணீருக்குள் நின்ற தவில்காரர் தவிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, முதலில் தவிலை வாங்குங்கோ, நனைஞ்சால் போச்சு என்று கத்திக்கொண்டிருந்தார். வாங்கிய பிறகு பார்த்தால் அவரது கெண்டைக்கால் முறிந்திருந்தது. தெருவில் போன உழவு இயந்திரக்காரரும் சைக்கிள்காரரும் ஏற்கெனவே பாதிப் பேரைக் கரைக்குத் தூக்கியிருந்தார்கள். டொக்டர் தெருவில் ஒரு பக்கத்தை வாகனங்களுக்கு விடச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நான் மூன்று போத்தலோடும் பஞ்சோடும் நடக்கத் தொடங்கினேன்.

பக்கத்து ஆளைக் கேட்டேன்.

“இவருக்கோ? ஒண்டும் பறையமாட்டார் மிஸி. ஆனால் பெருவிரலைப் பாருங்கோ, மற்றப் பக்கம் பார்க்குது.”

“உவவுக்கு ஒண்டுமில்லை. சங்கிலியைக் காணேல்லை எண்டு அழுகிறா. உங்காலை கிடக்கிற பெட்டை அழேல்லை, அவளைப் பாருங்கோ.”

விதி அருமையாக வேலை செய்தது. வேலை செய்யாதது நிறம். பின்னால் வந்த அற்றன்ரன்மார் முதலாவதாக ஒரு மனுசியைத் தூக்கிக்கொண்டு அம்புலன்சுக்கு ஓட, அந்த மனுசி என்னை ஏன் தூக்குறியள், விடுங்கோ என்று அவர்களை அடித்துக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்கச் சிவப்பு. கலியாணத்துக்கு வைத்த பெரிய குங்குமம் கடல் தண்ணீரில் கரைந்து ஓடியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கரையில் இருந்த எல்லோர் நெற்றியிலும் சிவப்பும் மஞ்சளும், குங்குமமும் சந்தனமும். மீன்பிடிக் கரையில் கத்தோலிக்க ஆம்பிளைகளின் வெறும் நெற்றியில் பழகிய நாங்கள் இதை யோசிக்கவேயில்லை. டொக்டரிடம் போய்க் கையில் பூசட்டுமா என்று கேட்டேன். அவர் ஒரு பெண்பிள்ளையின் கையைத் தலையால் காட்டினார். கை முழுக்க மருதோன்றிச் சிவப்பு.

“கன்னத்தில பூசுங்க,” என்றார். குரல் மாறவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

கன்னத்தில் பூசிக்கொண்டு போனேன். மாப்பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஊதா. அவரது தகப்பன் தம்பையாவுக்கும் ஊதா. பிள்ளைகளை இரண்டு கையிலும் தூக்கிக் கரை சேர்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வேறென்ன பூசுவது? அவருக்குப் பக்கத்து ஆள் என்றும் ஒருவர் இல்லை. ஓர் இடத்தில் நின்றால்தானே பக்கம் என்று ஒன்று இருக்கும்.

கரைக்கல்லில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு ஒரு வயதான மனுசி இருந்தார். தம்பையாவின் தமக்கை, பறுவதம் மாமி. அவரிடம் பக்கத்தில் கிடந்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். தோள்மூட்டு விலகியிருக்கு, மற்றும்படி நல்லா வாய் காட்டுறா என்று சரியாகச் சொன்னார். நான் நகரப் போனேன். கையைப் பிடித்தார்.

“பிள்ளை, பஸ்ஸிலை என்ரை பக்கத்திலை இருந்த ஆளைப் பற்றி நீர் கேக்கேல்லையே.”

“ஆரம்மா?”

“என்ரை தம்பி. அவனுக்கு ஏதோ ஏலாது.”

அங்கே தண்ணீர்ச் செம்போடு நடந்துகொண்டிருந்த தம்பையாவைக் காட்டி, அவர் நடந்து திரிகிறாரே என்றேன்.

“நடப்பான். பிறந்ததிலையிருந்து நான் ஒண்டு சொன்னால் அதுக்கு எதிராய் ஒண்டு சொல்லாமல் விட்டதில்லை அவன். பஸ் ஏறினதிலையிருந்து யன்னல் திற எண்டு நான், பூட்டு எண்டு அவன். கடைசியிலை நான்தான் திறந்தனான். இப்ப அந்த யன்னலாலைதானே எல்லாரும் வெளியிலை வந்தது? அவனைக் கூப்பிட்டு, பாத்தியோ, ஆர் சொன்னது சரி எண்டு கேட்டன். ஓம் அக்கா எண்டிட்டுப் போறான்.”

அவர் என் கையை விடவில்லை.

“ஓம் எண்டிட்டுப் போறான் பிள்ளை. போய்ப் பாரும்.”

இதை ஒரு நோயின் அறிகுறியாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் விதி விதிதான். போனேன்.

தம்பையா என்னைப் பார்க்க முன்னமே, எனக்கொண்டுமில்லை பிள்ளை, அங்காலை பாரும் என்றார். சொல்லிக்கொண்டே கொட்டாவி விட்டார். செம்பு வலது கையில். இடது தோளை ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தார். தோள் அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை, சும்மா குத்துது என்றார். எல்லோரும் நனைந்திருந்ததால் அன்று வியர்வையை யாரிலும் கண்டுபிடிக்க முடியாது; வெயிலில் நின்ற அவரது கையைத் தொட்டபோதுதான், ஈரத்துக்கு மேலே ஒரு குளிர் இருந்தது தெரிந்தது. நாடி நூல்போல, விரைவாக ஓடியது. இருக்கச் சொன்னேன். மறுத்தார். வயிற்றில் கை வைத்தேன். இடது பக்கம் பலகை போல இறுகியிருந்தது. சீற்றுக் கம்பி அந்த இடத்தில்தான் இடித்திருக்க வேண்டும். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்துகொண்டிருந்தால், வெளியில் ஒரு துளியும் தெரியாது. தோள் குத்தும். தண்ணீர் விடாய்க்கும். மனிதர் நடப்பார், நடப்பார், பிறகு விழுந்தால் எழும்ப மாட்டார்.

செம்பை வாயருகே கொண்டுபோனார். நான் பறித்தேன். ஊதாவை அழிக்க நேரமில்லை. அதற்கு மேலேயே சிவப்பைப் பூசினேன்.

அம்புலன்சில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்றில் தொடை முறிந்து எலும்பு வெளியில் வந்த பெண். மற்றதில் மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த, ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார். தலைத்தோல் பிளந்து, பட்டுச் சால்வையும் சேட்டும் முழுக்க இரத்தம். பார்த்தவர்கள் எல்லோரும் அவரை முதலில் ஏற்றச் சொன்னார்கள். நான் பார்த்தபோது ஒரு சிறிது மயக்கமாகவும் இருந்ததால் சிவப்புப் பூசியிருந்தேன். இப்போது கட்டுப் போட்டு இரத்தம் நின்றுவிட்டது. தெளிவாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாகனம் வரும்வரை அவர் பொறுக்கலாம். தம்பையா பொறுக்க மாட்டார்.

டொக்டரிடம் போனேன். இரத்தம் வடியும் ஒரு பெரிய மனிதரை இறக்கிவிட்டு, தண்ணீர்ச் செம்போடு நடந்து திரிந்த ஒருவரை ஏற்றக் கேட்கிறேன். காரணம், அவர் தமக்கையோடு சண்டை பிடிக்கவில்லை. வயிறு, நாடி, தோள் எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் தம்பையாவின் பக்கம் ஒரு அடி வைப்பார், தானும் தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரது கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே இருந்தன.

“நீங்க பாத்தீங்க. என்ன நிறம்?”

“சிவப்பு.”

“அப்ப ஏத்துங்க.”

எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதைச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவ முடியாது என்பதுதான் குறை.

விதானையாரின் ஆட்கள் அம்புலன்ஸ் கதவடியில் நின்று சத்தம் போட்டார்கள். இவளார், பனை ஏறுகிறவரின் பெட்டைதானே என்று ஒரு குரல் கேட்டது. ஓம், அவரின் மகள்தான் என்று நான் திரும்பிச் சொன்னேன். விதானையார் படுத்தபடி, எனக்கு ஏலாது பிள்ளை, மெய்யாய் ஏலாது என்றார். அன்று முழுக்கத் தனக்கு ஏலாது என்று தன் வாயால் சொன்ன ஒரே ஆம்பிளை அவர்தான். அவரது விரலைப் பிடித்து, ஏலாதுதான், ஆனால் தம்பையா அண்ணைக்கு இன்னும் ஏலாது என்றேன். கழுத்தை நிமிர்த்தித் தம்பையாவைப் பார்த்தார். அற்றன்ரன்மார் தூக்கிவர, கன்னத்தில் ஊதாவும் சிவப்புமாக, உதடு வெளிறி, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார் தம்பையா.

“உவனுக்கு என்ன நடந்தது?” என்றார் விதானையார். பிறகு யாரும் தொட முன்னம் தானாகவே எழும்பி, காலைக் கீழே போட்டார். “கிறகோரி, என்னைப் பிடியும். இறங்கிறன்.”

தயாபரன் அப்போதுதான் ஓடிவந்தார். நீங்கள் இல்லாமல் நான் தாலி கட்டமாட்டன் என்று தகப்பனின் காலைப் பிடித்தார். தம்பையாவுக்குக் கதைக்க மூச்சு வரவில்லை. மகனைப் பார்த்தார், பிறகு தமக்கையைத் தேடினார்.

“அக்கா, நீ நடத்து. நிப்பாட்டாதை.”

பறுவதம் மாமி எல்லோரும் பார்க்க அவரது தலையைத் தடவி, வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு போ என்று சொன்னார். கதவு சாத்தப்பட்டது. மற்றத் தாதி சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடிக்க, அம்புலன்ஸ் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது.

மிச்சப் பேரை உழவு இயந்திரப் பெட்டியிலும் வழியில் வந்த பஸ்ஸிலும் நிறம் பார்த்து ஏற்றினோம். விதானையாருக்கு லொறி ஒன்றின் முன்சீற் கிடைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் மத்தியானம் தாண்டும்வரை தைத்தோம், கட்டினோம். டொக்டர் கைகளை அவிழ்த்தது அங்கேதான். அவிழ்த்தால் அவரைப்போலத் தைப்பவர் இல்லை. யாரும் சாகவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் வாய் துடித்தது. ஆனால் பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தியும் வராததால் ஒருவரும் சொல்லவில்லை.

நாரந்தனையில் ஐயர் பொழுதுபட முன்னம் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தயாபரன் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குனிந்தபடி இருந்தார். தகப்பனுக்கு ஏதும் நடந்தால், அந்த நாளில் கட்டின தாலியை ஊர் என்ன சொல்லும், அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க என்ன கேட்க வேண்டிவரும் என்று அவர் பயந்தார். அது பொய்ப் பயமல்ல. பறுவதம் மாமி அவர் முன்னால் போய் நின்றார். அவன் என்னட்டை ஒரு நாளும் ஒண்டும் விட்டுத் தந்ததில்லை, இண்டைக்குத் தந்தவன், அதை நான் நடத்தித்தான் தீருவன், எழும்பு என்றார். எழும்பினார்.

கட்டுப் போட்டவர்கள் பலர் கலியாண வீட்டுக்குப் போகிறார்கள் என்பதால், டொக்டர் என்னையும் கூடப் போகச் சொன்னார். கறைபட்ட வெள்ளைச் சட்டையோடு போனேன். அந்தக் கலியாணப் படம் ஒன்று என்னிடம் இருந்தது, இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. மாப்பிள்ளை இரவல் தலைப்பாகையோடு. வலது கன்னத்தில் ஊதா. அவருக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டார் கன்னங்களில் எல்லாம் ஊதா, மஞ்சள். தேய்க்கத் தேய்க்க இன்னும் பரந்ததே தவிர ஒருவருக்கும் போகவில்லை. பெண் வீட்டுச் சிறுசுகள் இது புங்குடுதீவார் வழக்கமாக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தவில்காரர் காலுக்குத் தடி வைத்துக் கட்டியபடி கதிரையில் இருந்து, கெட்டிமேளம் தானே அடிப்பேன் என்று அடித்தார்.

தாலி ஏறியது. பந்தி போட்டார்கள். இலையில் சோறு விழுந்தது, கறி விழுந்தது. ஒருவர் கையும் சோற்றில் படவில்லை. தயாபரனும் அந்தப் பெண்ணும் பந்தியின் தலைப்பில் இருந்தார்கள். பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னாலும் ஒரு இலை. நான் பூசிய சிவப்பு சரியா என்பது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. பிந்திப் போயிருந்தால்? வயிற்றைத் திறந்து பார்த்து வேறெதுவோ என்று சொல்லியிருந்தால்?

வெளியில் வாகனச் சத்தம் கேட்டது. வாசல் படலைக்கு முன்னால் எங்கள் அம்புலன்ஸ் வந்து நின்றது. கிறகோரி அண்ணை உடனே இறங்கவில்லை. ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு சொல்ல வருகிறவர் படலையைத் தாண்ட மாட்டார். வெளியில் நின்று ஒரு ஆம்பிளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடியாமல் திரும்பிவிடுவார். கத்தோலிக்கரானாலும் கிறகோரி அண்ணைக்கு இது தெரியும். பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மேளம் நின்றது. யாரும் எழும்பவில்லை, எல்லோரும் படலையைப் பார்த்தார்கள்.

கிறகோரி அண்ணை கதவைத் திறந்து இறங்கினார். உடம்பை நெளித்து முறிவெடுத்தார். படலையடிக்கு வந்தார். ஒரு கணம் நின்று, பந்தலுக்குள் ஏன் இவ்வளவு அமைதி என்று தெரியாமல் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்ப் பீப்பாவில் கையையும் முகத்தையும் கழுவி, பந்தியின் கடைசியில் சப்பாணி கட்டி இருந்தார்.

“அக்கா, சோறு கிடக்கோ? காலமை தொடக்கம் பச்சைத் தண்ணி இல்லை.”

பறுவதம் மாமி தானே இலை கொண்டுவந்து போட்டுத் தண்ணீர் தெளித்தார். தெளித்த வேகத்தில் செம்புத் தண்ணீர் முழுக்கக் கிறகோரி அண்ணையின் மடியில் ஊற்றுண்டது. அவர் இலையை இரண்டு கையாலும் நேராக்கிக்கொண்டு சோற்றுக்குக் காத்திருந்தார். பந்தி முழுக்கச் சாப்பிடத் தொடங்கியது.